இரைச்சல் நீக்கம்

தம்பெரே நகரத்து டிசம்பரில்
மூன்று மணிக்கே விளக்குப் போடவேண்டும்.
என் வேலைக்கு அது வசதி.
வெளிச்சம் குறையக் குறையத்தான்
கேமராக்கள் பொய் சொல்லத் தொடங்கும்.

காலையில் ஆய்வறையில் வழக்கம்போல்
சாம்பல் அட்டை, இருபத்துநான்கு வண்ணக் கட்டம்,
விக் வைத்த பிளாஸ்டிக் பெண்.
அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ஐனி.
பதினோரு வருடமாக ஒரே புன்னகை.
எத்தனை போன் வந்து பார்த்துவிட்டுப் போயிற்று,
ஒன்றிடமாவது
"என்னை இன்னொருமுறை எடு" என்று அவள் கேட்டதில்லை.

இன்றைய போன் மடியும்,
பவுடர் டப்பியை மூடுவதுபோல்.
கீலில் காதை வைத்தால் மெல்லிய நறநறப்பு.
திரையின் நடுவே ஒரு பள்ளம்:
விரலுக்குத் தெரியும், கண் மறந்துவிடும்.
சட்டைப்பைக்குள் அடங்கவேண்டும் என்று
உடம்பை ஒல்லியாக்கியவர்கள்
லென்ஸுக்கு ஆழம் தர மறுத்துவிட்டார்கள்.
ஆழம் இல்லாமல் தூரத்தைப் பார்க்க முடியாது,
ஒளியியல் பாடத்தின் முதல் பக்கம்.
எழுதினேன்: தொலைவுப் படம், பத்துக்கு நாலரை.

மாலை, ரௌஹனியெமி ஏரிக்கரை. மைனஸ் பதினெட்டு.
பாதி மடித்துப் பனிமேல் வைத்தேன்.
முக்காலி கேட்கவில்லை. தவளைபோல்
தானே குந்திக்கொண்டு இருட்டைப் பார்த்தது.
அசையாமை: எட்டரை. நியாயமான எட்டரை.

தைமி கோர்ப்பெலா டிராம் ஓட்டுகிறவள்.
ஷிப்ட் முடிந்து, சவுனாவில் சிவந்து,
உறைந்த ஏரியில் வெட்டிய குழிக்குள்
கழுத்துவரை இறங்கி,
கெட்டவார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொண்டு ஏறினாள்.
தோளெல்லாம் ஆவி.
விளக்குக் கம்பத்தின் மஞ்சளில்
அடுப்பிலிருந்து இப்போதுதான் இறக்கிய
உருளைக்கிழங்குச் சட்டி மாதிரி
(உவமை அவளுடையது).

போனின் வெளித்திரையில் தன்னைப் பார்த்தாள்.
மடிக்கிற போனில் இது ஒரு சலுகை,
எடுக்கப்படுகிறவளும் பார்க்கலாம்.
ஐனிக்கு இதனால் பயனில்லை.
தைமி கம்பளித் தொப்பியைக் கழற்றினாள்,
வயிற்றை உள்ளிழுத்தாள்,
"போகட்டும்" என்று விட்டுவிட்டாள்.
அந்தப் போகட்டுமை எடுத்தேன்.

நல்ல படம். இமைமயிர்வரை கூர்மை.
தோல் நிறம் தோல் நிறமாக இருந்தது.
வானம் மைபூசியதுபோல், ஒரு புள்ளி உதிராத கறுப்பு.
ஈரக்கையால் வாங்கிப் பார்த்தவள்
"நல்லாத்தான் இருக்கேன்" என்றாள்.
பிறகு,
"என் ஆவி எங்கே?"

பெரிதாக்கினேன். தோள் விளிம்பில்
மெழுகிவிட்டதுபோல் ஒரு வழவழப்பு.
இருட்டில் மிதக்கிற பொடியெல்லாம் இரைச்சல்
என்று அந்தச் சில்லுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.
நானும்தான், பதினோரு வருடமாக,
புள்ளி தெரிந்தால் மதிப்பெண் குறைத்து.
விருந்தாளி வருமுன் வீடு கூட்டுகிற பதற்றத்தில்
அது இவளையும் கொஞ்சம் கூட்டித் தள்ளிவிட்டது.

எனக்காக இன்னொருமுறை இறங்கினாள்.
நீக்கத்தை அணைத்துவிட்டு எடுத்தேன்.
சொரசொரப்பு, பச்சையும் ஊதாவுமாய்ப் புள்ளிகள்,
எந்த விளம்பரத்துக்கும் ஆகாது.
அதற்குள் அவளைச் சுற்றி
எழுந்துகொண்டிருந்தது.

அவளிடம் காட்டத் திருப்பியபோது
பேட்டரி முப்பத்தொன்பது சதவீதம் என்றது,
சொன்ன வாக்கில் அணைந்தது.
தைமி சிரித்தாள், பல் தந்தியடிக்க,
சூட்டுக்கு ஓடிவிட்டாள்.

படிவத்தில் ஒரே கட்டம்.
காலையில் ஐனியைப் பார்த்து ஒன்பது போட்டிருந்தேன்.
குறிப்பு என்ற இடத்தில் இருநூறு எழுத்து அனுமதி.
"பெண் ஒருத்தி தன் ஆவியைக் கேட்டாள்"
என்று எழுதினேன்.
அழித்தேன். "நுண்விவர இழப்பு" என்று எழுதினேன்.
விரல் இன்னும் மரத்துத்தான் இருந்தது,
அழிக்கும் விசையைத் தேடிப் பிடிக்க நேரமானது.
முதலில் எழுதியதையே திரும்ப எழுதிவிட்டு
ஒன்பதை என்ன செய்வது என்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.